ஒரே சொத்தைக்கு இரண்டு விலை

சென்ற மார்கழியில் என் இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு இரண்டு விலை சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன கிளினிக்கில் 700 ரூபாய். நான்கு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் மீன் தொட்டியுமாக இருக்கும் இன்னொன்றில் 2,200 ரூபாய். இரண்டு சீட்டிலும் எழுதியிருந்தது ஒரே சொல்: ஃபில்லிங். பல்லும் அதே பல்தான். மீதி 1,500 ரூபாயும் மீன் தொட்டிக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் அக்கா மகள் பல் மருத்துவர். கும்பகோணத்தில் கிளினிக் வைத்திருக்கிறாள். அன்று இரவு அவளிடம் தொலைபேசியில் புலம்பினேன்.

“மாமா, 700 ரூபாய் சொன்னவர் எதை வைத்து அடைப்பதாகச் சொன்னார்?”

நான் கேட்கவில்லை.

“சொத்தை பல்லின் மேல்பக்கம் மட்டுமா, பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்திலுமா?”

அதுவும் தெரியாது.

“எக்ஸ்ரே எடுத்தார்களா?”

இரண்டாவது இடத்தில் மட்டும் எடுத்தார்கள்.

“அப்புறம் எப்படி மாமா ஒப்பிடுகிறீர்கள்? அத்தை சாதா ரவிக்கைக்கும் லைனிங் வைத்த ரவிக்கைக்கும் ஒரே கூலியா கொடுக்கிறார்கள்?”

அவள் அன்றும் பிறகும் சொன்னதையும், அவளுடைய கிளினிக்கில் ஒரு மதியம் உட்கார்ந்து நானே பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, சீட்டைப் பார்த்துக் குழம்பியவன். ரூபாய்க் கணக்குகள் தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் இப்போது பரவலாகக் கேட்கப்படுபவை. ஊருக்கு ஊர் கூடும், குறையும். இதற்கு அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல் எதுவும் கிடையாது.

சொத்தை எவ்வளவு ஆழம்?

பல்லின் மேல் ஓடு எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினம். ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு. அதற்கு நரம்பு கிடையாது. ஆகவே சொத்தை எனாமலை அரிக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதற்கு உள்ளே டென்டின் என்ற மஞ்சள் நிற அடுக்கு. அது எனாமலைவிட மிருதுவானது, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைந்தது. நடுவில் நரம்பும் ரத்த நாளமும் உள்ள பற்கூழ்.

சொத்தை என்பது பூச்சி அல்ல. வாயில் எப்போதும் இருக்கும் நுண்ணுயிர்கள், நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேல் பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். எச்சில் அதை மெல்ல மெல்லச் சரி செய்கிறது. இரண்டு வேளை இனிப்புக் காபி குடிப்பவருக்கு எச்சில் ஈடுகொடுத்துவிடும். நாள் முழுக்க அரை மணிக்கொரு தரம் மிட்டாயோ பிஸ்கட்டோ வாயில் போடுகிறவருக்கு எச்சிலுக்கு அவகாசமே கிடைக்காது.

எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் புகுந்ததும் சொத்தைக்கு வேகம் வந்துவிடும். மேலே பார்த்தால் மிளகு அளவு கறுப்புப் புள்ளி. உள்ளே பக்கவாட்டில் பரவிக் குகையாகியிருக்கும். கறையான் அரித்த கதவுநிலை மாதிரி, பெயின்ட் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். புள்ளியைப் பார்த்து “இதற்கா இவ்வளவு?” என்று கேட்கிறோம். மருத்துவர் குகையைப் பார்த்து விலை சொல்கிறார். எக்ஸ்ரே படம் இல்லாமல் அந்தக் குகையின் ஆழம் அவருக்கும் சரியாகத் தெரியாது.

விலையில் பெரிய பள்ளத்தாக்கு இருப்பது பற்கூழின் வாசலில்தான். சொத்தை டென்டினோடு நின்றால் அடைத்துவிடலாம். 500 ரூபாய்க்கும் 2,500 ரூபாய்க்கும் இடையில் ஏதோ ஒரு தொகை. பற்கூழுக்குள் போய்விட்டால் அடைத்துப் பயனில்லை. வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால், செய்ய வேண்டும். அதற்கு 3,000 முதல் 8,000 ரூபாய், அதன்மேல் பல்லுக்கு கேப் போட இன்னும் 3,000த்திலிருந்து, பொருளைப் பொறுத்து 15,000 வரை. இரண்டு நிலைக்கும் நடுவில் இருப்பது சில சமயம் அரை மில்லிமீட்டர் டென்டின். மேலே தண்ணீர் பட்டால் சுள்ளென்று கூசி உடனே நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் இன்னும் அடைக்கும் நிலை. கூச்சம் நீண்ட நேரம் நீடிக்கிறது, இரவில் படுத்ததும் தானாகத் துடிக்கிறது என்றால் பெரும்பாலும் பற்கூழ் கெட்டுவிட்டது. வலி நிவாரணி மாத்திரை போட்டு இரண்டு மாதம் ஓட்டியவர்கள் எல்லாரும் இந்த அரை மில்லிமீட்டரைத்தான் தின்று தீர்த்திருக்கிறார்கள். நானும் என் வலப்பக்கப் பல் ஒன்றை அப்படித் தொலைத்து 11,000 ரூபாய் கட்டியவன்.

எதை வைத்து அடைக்கிறார்கள்?

என் அம்மா வாயைத் திறந்தால் கடைவாயில் கறுத்த வெள்ளி தெரியும். அது அமால்கம். ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஈரத்துக்கு அஞ்சாது, கடிக்கும் விசையைத் தாங்கும், மலிவு. அம்மாவுக்கு வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, இன்னும் முறுக்கு கடிக்கிறார். குறை என்னவென்றால் அது பல்லோடு ஒட்டாது. பள்ளத்தின் உட்புறத்தை அகலமாகக் குடைந்து, வெளியே வராதபடி சிக்கவைக்க வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும். பாதரசம் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதால் உலகமே இதைக் குறைத்துவருகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தைக் கிட்டத்தட்ட முழுமையாக நிறுத்திவிட்டது. பழைய அடைப்பு நன்றாக இருந்தால் பயந்துபோய் அதைத் தோண்டி எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளியேறும்.

இரண்டாவது, கிளாஸ் அயனோமர். மக்கள் வழக்கில் “சிமென்ட்”. கண்ணாடித் தூளையும் ஓர் அமிலக் கரைசலையும் அந்த இடத்திலேயே குழைத்து வைப்பார்கள். லண்டனில் வில்சன், கென்ட் என்ற இருவர் 1969 வாக்கில் உருவாக்கியது. பல்லோடு தானாகவே வேதிமுறையில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஈரத்தையும் பொறுக்கும், ஃப்ளூரைடை மெதுவாக வெளியிட்டுக்கொண்டே இருக்கும். குழந்தைகளின் பால்பற்கள், ஈறு ஓரத்தில் தேய்ந்த பள்ளங்கள், இவற்றுக்கு இதுவே பொருத்தம். 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் கடைவாயில் தினமும் அரைபடும் இடத்தில் வைத்தால் தேயும், விளிம்பு உடையும்.

மூன்றாவது, காம்போசிட். பல்லின் நிறத்திலேயே வரும் பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பசை. நீல வெளிச்சம் பட்டால் கல்லாக இறுகும். இதைத்தான் பலரும் “லேசர் ஃபில்லிங்” என்கிறார்கள். அதில் லேசர் எதுவும் இல்லை, அது எல்.இ.டி. விளக்கு. லேசர் என்ற பெயருக்காக யாராவது கூடுதலாகக் கேட்டால் அந்தக் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். இந்த முறைக்கு இரண்டு பேர் அடித்தளம் போட்டார்கள். பல்லை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் புவோனோகோர் 1955இல் காட்டினார். இன்றைய காம்போசிட்டுகள் பலவற்றிலும் இருக்கும் பிசினுக்கு ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்றார். 800இல் தொடங்கி 2,500, பெருநகரங்களில் 3,000க்கும் மேலே போகிறது. பல்லோடு ஒட்டுவதால் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை. என் கணக்கில் அந்தக் கூடுதல் பணத்துக்கு இதுவே பெரிய காரணம், நிறம் இரண்டாம்பட்சம்.

எனக்கு 700 ரூபாய் சொன்னவர் வைக்க இருந்தது சிமென்ட். 2,200 ரூபாய்க்காரர் சொன்னது காம்போசிட், அதுவும் இரண்டு பக்கத்துக்கு. மீன் தொட்டியின் பங்கு நான் நினைத்ததைவிடக் குறைவு.

நாற்பது நிமிடம்

“அந்தப் பசை என்ன விலை?” என்று அக்கா மகளிடம் கேட்டேன். கேட்பேன் என்று எதிர்பார்த்தவள் போல மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்துக் காட்டினாள். நான்கு கிராம். நடுத்தரமான ஒரு குழிக்குக் கால் கிராம் போகும். ஆகவே ஒரு பல்லுக்கான பசை, நல்ல தயாரிப்பாக இருந்தாலும், சில நூறு ரூபாயைத் தாண்டாது. “துணி விலை அவ்வளவுதான் மாமா. மீதி தையல் கூலி.”

அந்தத் தையலை அன்று மதியம் பார்த்தேன். நாற்காலியில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். கீழ்க் கடைவாயில், இரண்டு பல்லும் சேரும் இடத்தில் சொத்தை. முதலில் மரத்துப்போகும் ஊசி. அது வேலை செய்ய ஐந்து நிமிடக் காத்திருப்பு. பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் துணி ஒன்றைக் கட்டி, அந்தப் பல் மட்டும் துளை வழியாக வெளியே நிற்கும்படி செய்தாள். எச்சில் ஒரு துளி பட்டாலும் காம்போசிட் ஒட்டாது என்பதற்காக இது. பல இடங்களில் இதற்குப் பதிலாகப் பஞ்சுருளை வைத்துச் சமாளிக்கிறார்கள். நேரம் மிச்சம், விலையும் குறையும். எச்சில் புகாமல் பார்த்துக்கொள்வது மருத்துவரின் கைத்திறனைப் பொறுத்தது.

நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவியால் சொத்தையைத் திறந்தாள். உள்ளே ஈரமான பழுப்பு நிறம். மிருதுவான பகுதியைச் சின்னக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டினாள், நுங்கு வழிப்பது போல் வந்தது. ஆழமான இடத்தில் பற்கூழைக் காக்கக் கொஞ்சம் மருந்து. அடுத்தது எனக்குத் தெரியாத விஷயம்: பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடாமல் இருக்க மெல்லிய உலோகத் தகட்டை வளைத்துப் பல்லைச் சுற்றி நிறுத்தி, ஈறு ஓரத்தில் ஒரு குட்டி மர ஆப்பைச் செருகினாள். கான்கிரீட் போடுமுன் பலகை அடைப்பதைப் போல. இந்தத் தகடு சரியாக உட்காராவிட்டால் இரண்டு பல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். அதில் ஒவ்வொரு வேளையும் சோற்றுப் பருக்கையும் கறி நாரும் மாட்டிக்கொள்ளும், ஈறு வீங்கும், பக்கத்துப் பல்லிலும் சொத்தை பிடிக்கும். அந்த ஒரு தகட்டுக்கே அவள் எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

நீல நிற அமிலக் கூழ், பதினைந்து விநாடி, கழுவல், காற்று, ஒட்டுதிரவம், விளக்கு. பின்பு பசை, ஒரு நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் இல்லை, ஒவ்வோர் அடுக்குக்கும் இருபது விநாடி விளக்கு. மொத்தமாக அப்பி ஒரே தடவை விளக்கடித்தால் மேலே இறுகும், அடியில் கூழாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும், வித்தியாசம் இரண்டு வருடம் கழித்துத் தெரியும். எனக்கு இதைக் கேட்டதும்தான் உண்மையில் பயம் வந்தது. நாம் விலை கொடுத்து வாங்கும் பொருளில் நாம் சோதித்துப் பார்க்க முடியாத பகுதிதான் பெரும்பகுதி.

ஆக, ஒரு நாற்காலியை நாற்பது நிமிடம் ஒரு மருத்துவரும் ஓர் உதவியாளரும் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதே வேலையை மேல்பக்கத்துச் சின்னக் குழிக்குச் செய்தால் தகடும் ஆப்பும் வேண்டாம், இருபது நிமிடத்தில் முடியும். அதனால்தான் “எத்தனை பக்கம்” என்ற கேள்வி. பல்லுக்கு மேல்பக்கம், கன்னப் பக்கம், நாக்குப் பக்கம், முன்பல்லை நோக்கிய பக்கம், பின்பல்லை நோக்கிய பக்கம் என ஐந்து. அமெரிக்காவில் பக்கங்களை எண்ணித்தான் பில் போடுகிறார்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டணக் குறியீடு, இரண்டுக்கு வேறு. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் திட்டத்தில் இதற்கு நேர்மாறு: ஒரு சிகிச்சைத் தொடரில் ஒரு பல்லை அடைத்தாலும் நான்கை அடைத்தாலும் ஒரே கட்டணம், 2025 ஏப்ரலில் அது 75.30 பவுண்டு. நம் ஊரில் மருத்துவர் மனத்துக்குள்ளேயே பக்கங்களை எண்ணிக் கடைசித் தொகையை மட்டும் சொல்லிவிடுகிறார். எண்ணியதை நமக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

வாடகை, கருவிகளை நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ், டிஜிட்டல் எக்ஸ்ரே, மின்கட்டணம் எல்லாம் அந்தத் தொகையில் ஒளிந்திருக்கின்றன. முதுகலை முடித்தவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். ஆழமான, சிக்கலான குழிக்கு அது நியாயம். மேலாக உள்ள சின்னச் சொத்தைக்கு ஐந்தாண்டு பி.டி.எஸ். படித்த அனுபவசாலியே தாராளமாகப் போதும்.

பில்லில் இருப்பதும் இல்லாததும்

நோய்க்கான சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பல் அடைப்பதும் அதில் சேரும். பில்லில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பல்லை வெளுப்பாக்குவது போன்ற அழகுக்கான வேலைகளுக்கு வரி உண்டு. கிளினிக் வாங்கும் பசைக்கும் கையுறைக்கும் வரி கட்டுகிறது, அதை அரசிடமிருந்து திரும்பப் பெற வழியில்லை, ஆகவே அது சுற்றி வளைத்து நம் தலையில்தான் விடிகிறது. மருத்துவக் காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தில் பல் உடைந்தால் தவிர, சாதாரண பாலிசிகளில் பல் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். புறநோயாளிச் செலவையும் சேர்த்துக்கொள்ளும் சில பாலிசிகளில் மட்டும் ஒரு வரம்புக்குள் கிடைக்கும்.

ஆலோசனைக் கட்டணமும் எக்ஸ்ரேவும் சொன்ன விலைக்குள் அடக்கமா, தனியா என்பதை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். வாயில் பஞ்சு திணித்த பிறகு யாராலும் பேரம் பேச முடியாது. இன்னொன்று, “இப்போதைக்கு அடைத்து வைக்கிறேன்” என்று சொன்னால் அது தற்காலிக அடைப்பு. கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் அதுதான். ஆழமான சொத்தையில் பல் அமைதியாகிறதா என்று சில வாரம் பார்ப்பதற்காக வைப்பார்கள். வலி நின்றுவிட்டதே என்று அதோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். அது கரைந்து போகும், உள்ளே சொத்தை தொடரும், கடைசியில் அந்தச் செலவும் வீண்.

700 ரூபாயும் கைவசம் இல்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, முத்துசாமி சாலையில், 1953 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள், பேராசிரியரின் மேற்பார்வையில், வெளியே வாங்குவதில் ஒரு பங்குக்கே செய்கிறார்கள். மாணவர் ஒவ்வொரு படியையும் ஆசிரியரிடம் காட்டி அனுமதி வாங்கித்தான் அடுத்த படிக்குப் போவார். நாற்பது நிமிட வேலை இரண்டு மணி நேரம் ஆகலாம், இரண்டாவது நாளும் வரச் சொல்லலாம். அரை நாள் கூலியை இழந்து வருகிறவருக்கு அது மலிவா என்பதை அவர்தான் கணக்குப் போட வேண்டும்.

நான் கடைசியில் கும்பகோணத்துக்கே போனேன். பஸ் கட்டணம் தனி. காம்போசிட், இரண்டு பக்கம், 1,600 ரூபாய். மாமா என்று ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உதடு மரத்திருந்த மூன்று மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள், நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள் என்றாள். சிமென்ட் வைத்திருந்தால் ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் மெல்லக் கூடாதாம், காம்போசிட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

மறுநாள் காலை தோசையைக் கடித்தபோது அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு முட்டியது. ஊசியின் மரப்பில் இருக்கும்போது சரியாகக் கடித்துக் காட்ட முடியாததால் இது சகஜமாம். திரும்பப் போய் உட்கார்ந்தேன். நீலத் தாள் ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். அடைப்பின் மேல் கடுகு அளவு நீலப் பொட்டு விழுந்தது. அதை மட்டும் தேய்த்துவிட்டாள், இரண்டு நிமிடம். இதற்குத் தனிக் காசு கிடையாது. எந்த கிளினிக்கிலும் இதற்குக் காசு வாங்கக் கூடாது. அடைத்த விலைக்குள் இதுவும் அடக்கம் என்பது தெரியாமல், உயரமாக இருக்கும் பல்லோடு மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறவர்கள் தன்னிடம் வருவதாகச் சொன்னாள்.